சிப் ஓடினால் எஃப்எம் இரைகிறது: உலோக மூடி தீர்வாகுமா?

கேள்வி: நாங்கள் வடிவமைக்கும் சிறிய சென்சார் சிப்பின் கிளாக் (சிப்பின் வேலைகளுக்குத் தாளம் போடும் துடிப்பு) 16 மெகாஹெர்ட்ஸ். மாதிரி சிப்பை ஓடவிட்டால் பக்கத்து எஃப்எம் ரேடியோவில் 96 மெகாஹெர்ட்ஸில் இரைச்சல். உலோக மூடி போட்டால் போதும் என்கிறார் ஒரு ஆலோசகர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இரைச்சல் பெரும்பாலும் சிப்பின் முதுகு வழியாக வெளியேறுவதில்லை. கால்கள் வழியாக இறங்கி, போர்டின் நீளமான கம்பித் தடங்களை ஆன்டெனாவாக்கிக்கொள்கிறது. மூடி விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். 'டெஸ்ட்டில் பாஸ் பண்ணிக் கொடுக்கிறேன்' என்று மொத்தத் தொகை பேசுபவரை அதைவிடத் தள்ளி வையுங்கள். அவர் கம்பியில் ஓடும் இரைச்சலை விழுங்கும் ஃபெரைட் மணிகளை வரிசையாக மாட்டி ஒரு மாதிரியைத் தேற்றிக் காட்டுவார், நீங்கள் விற்கப்போகும் ஆயிரம் சிப்பும் பழைய சிப்பாகவே இருக்கும்.

96 என்பது 16-இன் ஆறு மடங்கு. சீரான சதுர அலையில் ஒற்றைப்படை மடங்குகள்தானே வரும் என்று கேட்பீர்கள். கிளாக் ஏறும்போதும் இறங்கும்போதும் சிப் மின்னோட்டத்தை ஒரு மடக்கு இழுக்கிறது. ஆகவே சப்ளை கம்பியில் துடிப்பு 32 மெகாஹெர்ட்ஸ், அதன் மூன்றாவது மடங்கு 96. சப்ளையையும் கிரவுண்டையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கிளாக்கை ஓடவிட்டு வெளியீட்டுக் கால்களை மட்டும் அசையாமல் நிறுத்திப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று குறைந்தால் குற்றவாளி வெளியீட்டு டிரைவர், அதாவது அந்தக் கால்களை ஏற்றி இறக்கும் சுற்று. கிரவுண்ட் பாண்ட் கம்பி (சிப்பையும் அதன் காலையும் இணைக்கும் மெல்லிய கம்பி) 3 மில்லிமீட்டர் என்றால் அதன் இண்டக்டன்ஸ் சுமார் 3 நானோஹென்றி. அதில் 20 மில்லிஆம்பியர் 1 நானோசெகண்டில் மாறினால் 60 மில்லிவோல்ட் குதிக்கும். எட்டு கால்கள் ஒன்றாக மாறினால் கிட்டத்தட்ட அரை வோல்ட்! லைப்ரரியில் (ஆயத்தச் சுற்றுகளின் தொகுப்பில்) இருப்பதிலேயே வலுவான டிரைவரை எடுத்துப் போடும் பழக்கம்தான் இதற்குக் காரணம். மெதுவான டிரைவரை எடுங்கள். விளிம்பு நேரம் (சிக்னல் ஏற அல்லது இறங்க எடுக்கும் நேரம்) 1 நானோசெகண்ட் என்றால் ஹார்மோனிக்குகள், அதாவது மேலே சொன்ன மடங்குகள், சுமார் 320 மெகாஹெர்ட்ஸ் வரை தெம்பாக இருக்கும். 10 ஆக்கினால் அந்த எல்லை 32-க்கு இறங்கிவிடும். லேஅவுட்டில் காலியாகக் கிடக்கும் இடத்தையெல்லாம், சப்ளைத் துடிப்பை அங்கேயே தாங்கிக்கொள்ளும் டிகப்ளிங் கெபாசிட்டரால் நிரப்புங்கள்.

கிளாக்கை லேசாக அலையவிடும் 'ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம்' முறையும் உண்டு. அரை சதவீதம் அலையவிட்டால் 96-இல் இருந்த கூர்முனை 480 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவி உயரம் குறையும். ஆனால் உங்களுடையது சென்சார் சிப். ஏடிசி (சென்சாரின் சிக்னலை எண்ணாக மாற்றும் பகுதி) சாம்பிள் எடுக்கும் கிளாக்கை மட்டும் அப்படி அலையவிடாதீர்கள். சாம்பிள் எடுக்கும் நேரம் தள்ளாடினால் அளவீடே தள்ளாடும். அதற்கு அலையாத கிளாக்கைத் தனியாகப் பிரித்துக் கொடுங்கள், டிஜிட்டல் பகுதி மட்டும் அலையட்டும். மூலக் கிளாக்கையே அலையவிட்டு, பிறகு சென்சார் துல்லியம் எங்கே போனது என்று மாதக்கணக்கில் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எரிச்சலாக இருக்கிறது: பேக்கேஜை (சிப்பின் கூட்டையும் கால்களையும்) கொள்முதல் பிரிவு விலை பார்த்து முடிவு செய்துவிடுகிறது, சோதனைக் கூடத்துக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் போகிறோம், அங்கேயும் பாஸ், ஃபெயில் என்ற ஒற்றைச் சொல்தான் கிடைக்கிறது. பேக்கேஜ் உறுதியாகும் முன்பே கூடுதலாக இரண்டு கிரவுண்ட் கால்களாவது கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றும் அதன் சப்ளை காலுக்குப் பக்கத்திலேயே வரட்டும்.