குடை செய்யும் மகளும் அடமானம் போகப்போகும் வீடும்

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பழைய குடையில் எல்இடி பட்டையைக் கோத்துக்கொண்டிருக்கிறாள் என்று வருந்தி எழுதியிருக்கிறீர்கள். கணினி அறிவியலைத் தவிர வேறெதுவும் சோறு போடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். மதிப்பெண் குறைந்தாலும் அதிகக் கட்டணம் கட்டினால் இடம் கிடைக்குமாம். அதற்கு வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். தேர்வு நெருங்கும்போது எந்தப் பெற்றோருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

ஆறுதல் இவ்வளவுதான். வீட்டை அடமானம் வைக்காதீர்கள். கடிதத்தோடு அவளுடைய குறிப்பேட்டுப் பக்கங்களையும் அனுப்பியிருந்தீர்களே, அவற்றை நீங்கள் வாசித்தீர்களா?

இருட்டினால் குடைக்குள் விளக்கு எரிய வேண்டும். அவள் நினைத்தது இவ்வளவுதான். ஒளி பட்டால் மின்தடை குறையும் எல்டிஆர் ஒன்று, அதோடு பத்து கிலோ ஓம் மின்தடை ஒன்று. இரண்டும் சேரும் இடத்தின் மின்னழுத்தத்தை ஆர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகை 0 முதல் 1023 வரையிலான எண்ணாகப் படிக்கிறது. எண் குறைந்தால் இருட்டு. முதல் நாளே குடை கண்சிமிட்டத் தொடங்கிவிட்டது. இருட்டு என்று விளக்கைப் போடுகிறது, அந்த வெளிச்சம் எல்டிஆர் மீதே விழுகிறது, பகல் என்று நம்பி அணைக்கிறது, மறுபடி இருட்டு. அவள் அந்த எல்டிஆர் உணரியை (சென்சார்) குடையின் வெளிப்பக்கம், உச்சிக்கு அருகே மாற்றியிருக்கிறாள். தெருவிளக்கைக் கடக்கும்போது மீண்டும் அதே தொல்லை. அடுத்த பக்கத்தில், 300-க்குக் கீழே போனால் எரி, 500-ஐத் தாண்டினால் மட்டும் அணை, இடையில் இருப்பதை அப்படியே விடு என்று எழுதியிருக்கிறாள். இதற்கு ஹிஸ்டெரிசிஸ் என்று பெயர். பெயர் தெரியாமலேயே அவள் அதைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

இன்னொரு பக்கம் இதைவிட எனக்குப் பிடித்தது. நட்ட நடுப்பகலில் விளக்கு எரிகிறது. தேடிப் பார்த்தால், குடைக்கம்பி மடங்கும் மூட்டில் ஒயர் அறுந்திருக்கிறது. ஒற்றைக்கம்பி ஒயர் திரும்பத் திரும்ப மடங்கினால் அறுந்துதான் போகும். பல இழை ஒயரைப் போட்டுச் சரிசெய்துவிட்டாள். அதன்கீழே ஒரு கேள்வி: “ஒயர் அறுந்தாலும் எண் 0, நல்ல இருட்டிலும் கிட்டத்தட்ட 0. எது எதுவென்று குடைக்கு எப்படித் தெரியும்?”

இந்தக் கேள்விக்கு ஒரு படிப்பே இருக்கிறது. கருவியியல் மற்றும் கட்டுப்பாட்டுப் பொறியியல். கல்லூரிகளில் இன்ஸ்ட்ருமென்டேஷன் என்பார்கள். மருத்துவம், கணினி, வங்கித் தேர்வு பற்றியெல்லாம் சொல்ல உங்கள் சொந்தத்திலேயே ஆள் இருப்பதால், நான் இதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஆலைகளில் அழுத்தம், வெப்பம், நீர்மட்டம் ஆகியவற்றை அளக்கும் கருவிகள் பெரும்பாலும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டமாகச் செய்தி அனுப்புகின்றன. சுழியத்திலிருந்து தொடங்காமல் ஏன் 4? தொட்டி காலியாக இருந்தாலும் 4 வரும். கம்பி அறுந்தால்தான் 0 வரும். உங்கள் மகள் கேட்டதற்கு அந்தத் துறை சொல்லிவைத்திருக்கும் பதில் இது. மழை விழுந்தால் விளக்கின் நிறம் மாறும்படி இரண்டு செம்புத் தடங்களையும் அவள் ஒட்டிப் பார்த்திருக்கிறாள். ஓயாமல் மின்சாரம் கொடுத்ததில் தடம் பச்சை பிடித்து அரித்துவிட்டது. அளக்கும் கணத்தில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் அரிப்பு வெகுவாகக் குறையும். நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் கருவிகளில் மாறுதிசை மின்னோட்டம் பயன்படுவதும் இதுபோன்ற தொல்லையைத் தவிர்க்கத்தான்.

இந்தப் படிப்பில் உணரி, சமிக்ஞையைப் பெருக்கி வடிகட்டுதல், கருவியை அளவுதிருத்தம் செய்தல், பிஐடி கட்டுப்பாடு (வேண்டிய அளவுக்கும் இருக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத் தானே சரிசெய்யும் முறை), பிஎல்சி (ஆலை இயந்திரங்களை இயக்கும் கணினி) என்று பாடம் போகும். 0 டிகிரி செல்சியஸில் சரியாக 100 ஓம் காட்டும் பிளாட்டினம் உணரியைக் கையில் வைத்துப் பழகுவார்கள். மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, குடிநீர்ச் சுத்திகரிப்பு, மருந்துத் தயாரிப்பு, மருத்துவமனையின் டயாலிசிஸ் இயந்திரம், வென்டிலேட்டர் என்று அளந்து கட்டுப்படுத்த வேண்டியது எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இவர்களுக்கு வேலை உண்டு. கல்யாண வீட்டில் சொல்லிப் பெருமைப்பட முடியாத பெயர்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அவள் நிரல் எழுதத்தானே செய்கிறாள், கணினி அறிவியலே போதாதா என்பீர்கள். அந்தப் படிப்பின்மீது எனக்குப் பகை இல்லை. ஆனால் குறிப்பேட்டில் நிரல் பற்றி ஒன்றரைப் பக்கம். உணரி, ஒயர், ஈரம், பேட்டரி பற்றித்தான் மற்றதெல்லாம். ஒரு எல்இடி முழு வெண்மையில் எரிந்தால் 60 மில்லி ஆம்பியர், முப்பதுக்கு 1.8 ஆம்பியர், ஆகவே வெளிச்சத்தைக் குறைப்போம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். இந்த நாட்டம் யாரும் சொல்லி வந்ததில்லை. சொந்தக்காரர்கள் வாய்க்காக இதை மாற்றப் பார்த்தால் நான் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன்.

பணத்தைப் பற்றியும் கறாராகவே சொல்கிறேன். மதிப்பெண்ணுக்குக் கிடைக்காத இடத்தைக் கடன் வாங்கிப் பிடித்தால், முதல் சம்பளத்துக்கு முன்பே வட்டி அவள் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும். பிடித்த வேலைக்குக் காத்திருக்க முடியாது. கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டிவரும். டிப்ளமோவில் தொடங்கி, பிறகு பட்டப்படிப்புக்குப் போகும் வழி பல இடங்களில் இருக்கிறது. செலவும் பொதுவாகக் குறைவு. அதைக் கௌரவக் குறைச்சல் என்று ஒதுக்காதீர்கள்.

எந்தக் கல்லூரியானாலும் கட்டணம் கட்டுமுன் அவளோடு போய் ஆய்வகத்தைப் பாருங்கள். மின்சமிக்ஞையைத் திரையில் வரைந்து காட்டும் அலைக்காட்டியை மாணவர்கள் கையாளுகிறார்களா, கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று அங்கே படிப்பவர்களிடமே கேளுங்கள். கட்டடத்தின் உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அவளிடம் சொல்ல இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. குடையில் இருக்கும் லித்தியம் பேட்டரிக்குப் பாதுகாப்புச் சுற்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நனைந்த நிலையில் சார்ஜ் செய்யக்கூடாது. குடைக்கம்பி உலோகம், மேலே பட்டால் குறுக்குச்சுற்று ஆகிவிடும் என்பதால் ஒவ்வோர் இணைப்பையும் காப்புறையால் மூட வேண்டும். அடுத்தது கணிதம். கட்டுப்பாட்டுப் பொறியியல் வகையீட்டுச் சமன்பாடுகளின் மேல்தான் நிற்கிறது. அதனால் தேர்வு முடியும்வரை குடை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். மற்ற நாள்களில் நுண்கணிதம். இந்தக் காரணத்தைச் சொன்னால் அவள் கேட்பாள். பெரியப்பா மகனை உதாரணம் காட்டினால் கேட்க மாட்டாள்.