டார்டானஸின் பெண்கள் – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கறிவேப்பிலை அழகி வண்ணத்துப்பூச்சியைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, அதன் உறவான ஆப்பிரிக்க வண்ணத்துப்பூச்சி பாப்பிலியோ டார்டானஸின் படங்களைத் தேடிப் பார்த்தேன். ஆணுக்கு இளமஞ்சள் இறகு, பின்னால் வால். பெண்களோ ஒன்றைப்போல் ஒன்று இல்லை. இவையெல்லாம் ஒரே இனம் என்று எப்படி உறுதி செய்தார்கள்? ஆண் மட்டும் ஏன் பிற இனங்களைப்போல் வேடம் போடுவதில்லை?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

கேப் டவுனில் வாழ்ந்த பூச்சியியலாளர் ரோலண்ட் டிரைமன், அதுவரை தனி இனங்களாகக் கருதப்பட்ட வாலற்ற பூச்சிகள் சில இந்த மஞ்சள் ஆணின் பெண்களே என்று 1869இல் எழுதியபோது, உங்களுக்கு வந்த ஐயம்தான் பலருக்கும் வந்தது. அவருக்குக் கிடைத்த நல்ல தடயம் மடகாஸ்கர். அங்கே பெண்ணும் ஆணைப்போலவே மஞ்சளாக, வாலோடு இருக்கிறது. பின்னர் ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்து வெவ்வேறு தோற்றமுள்ள பெண்கள் வெளிவந்ததும் விவாதம் முடிந்தது.

டிரோஃபோனியஸ் என்னும் பெண் வடிவத்தின் செம்பழுப்பு இறகையும், கறுத்த முனையில் உள்ள வெள்ளைப் பட்டையையும் பார்த்தால் நம் ஊர் எருக்கஞ்செடிகளைச் சுற்றும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி நினைவுக்கு வரும். அது தற்செயலன்று, ஆப்பிரிக்காவிலும் பறக்கும், பறவைகள் நஞ்சென்று ஒதுக்கும் அதே வரியனைத்தான் இவ்வடிவம் போலி செய்கிறது. வேறு வடிவங்கள் அமௌரிஸ் என்னும் வேறு நச்சு வண்ணத்துப்பூச்சி வகைகளைப் போலி செய்கின்றன. போலிகள் பெருகினால் பறவைகள் ஏமாறுவது குறையும் என்பதால், ஒரே இனம் பல மாதிரிகளைப் பங்கிட்டுக்கொள்வது லாபமே.

1950களில் லிவர்பூலில் மரபியல் ஆய்வாளர்களான சிரில் கிளார்க்கும் பிலிப் ஷெப்பர்டும் ஆணையும் பெண்ணையும் விரல்களில் பிடித்து, வயிற்று நுனிகளைச் சேர்த்து இணையவைத்தார்கள். ஒரே பகுதியின் வடிவங்களைக் கலந்தபோது பெரும்பாலும் இடைத்தோற்றம் வரவில்லை. தொலைதூரப் பகுதிகளின் பூச்சிகளைக் கலந்தபோது வந்தது. ஆகவே வேடத்தின் கச்சிதம் அந்தந்தப் பகுதியிலேயே தீட்டப்பட்டது என்றே கொள்ள வேண்டும். கறிவேப்பிலை அழகியில் பெண்ணின் வேடத்தைத் தீர்மானிக்க டபுள்செக்ஸ் மரபணு செய்யும் வேலையை, டார்டானஸில் என்கிரெய்ல்டு, இன்வெக்டெட் மரபணுக்கள் அமைந்த பகுதி செய்கிறது.

முட்டைச் சுமையோடு மெதுவாகப் பறக்கும் பெண்ணுக்குக் காப்பு அதிகம் தேவை, ஆணுக்கோ பெண்ணும் போட்டி ஆண்களும் அடையாளம் காணும் தோற்றம் தேவை என்பது பரவலான விளக்கம். அது மட்டும் போதாது என்பது என் எண்ணம். நெருங்கிய உறவான பாப்பிலியோ ஃபோர்காஸில் ஆண் பச்சை. பெண்களில் பச்சையும் உண்டு, பழுப்பும் உண்டு. அப்பழுப்புப் பெண் எதையும் போலி செய்வதாகக் கருதப்படவில்லை. அப்படியென்றால், பெண்கள் இருவேறாகப் பிரிவது போலிக்கு முன்பே தொடங்கியிருக்கலாம். இவ்விரு இனங்களும் இயற்கையிலேயே அரிதாகக் கலப்பதுண்டு. பாப்பிலியோ நாண்டினா என்று தனி இனமாகப் பெயரிடப்பட்டது அந்தக் கலப்பினம்தான்.