சைக்கிள் கேள்வி-பதில்: எத்தனை பல் போட்டால் முழங்கால் பிழைக்கும்?

கேள்வி: கியர் இல்லாத புது சைக்கிள் வாங்கியிருக்கிறேன். முன்னால் பெடல் பக்கத்துச் சக்கரத்தில் 46 பல், பின்னால் 16 பல் ஃப்ரீவீல் (செயின் ஓடும் பின் பல்சக்கரம்), டயர் அளவு 700-க்கு 32. செக்காலை ரோட்டில் நின்று நின்று கிளம்பும்போது முழங்கால் வலிக்கிறது. நம்ம ஊர் சமதரைதானே, பிறகு ஏன்?
- வாசகர், காரைக்குடி

பதில்: முதலில் சீட்டைப் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் எந்தப் பல் போட்டாலும் வலி போகாது.

அது சரியாக இருந்தால், பல்தான் காரணம். கண்மாய்க் கரையை விட்டால் இங்கே ஏற்றம் கிடையாது. ஆனால் முக்குக்கு முக்கு பிரேக் பிடித்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து மிதிக்கிறீர்கள். 46-ஐ 16-ஆல் வகுத்தால் 2.88; பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் அத்தனை சுற்று சுற்றும். உங்கள் டயரின் சுற்றளவு சுமார் 2.15 மீட்டர்; பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 6.2 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 30 கிலோமீட்டர். கடைவீதியில் அந்த வேகத்துக்கு இடம் எங்கே இருக்கிறது?

பின்னால் 18 பல் போடுங்கள். கிளம்பும்போது மிதிக்கும் பலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு குறையும். 60 சுற்றுக்கு மணிக்கு 20 கிலோமீட்டர் வரும். ஊருக்குள் அது தாராளம். ஆடிக் காற்றில் கானாடுகாத்தான் வரை போகிறவர், பின்னால் மூட்டை கட்டுகிறவர் 20 பல்லே போடலாம். முன்பல்லை 44 ஆக்கச் சொல்வார்கள். செலவு அதிகம், பலன் நாலு சதவீதம்தான்.

ஃப்ரீவீலைக் கழற்ற, அதன் காடிகளில் பொருந்தும் டூல் வேண்டும். டூலை வைத்து ஆக்சில் (சக்கரத்தின் நடு அச்சு) நட்டால் லேசாகப் பிடித்து, டூலை வைஸில் (பட்டறை மேசைப் பிடிப்பில்) மாட்டி, சக்கரத்தை இடப்பக்கமாகத் திருப்புங்கள். இளகியதும் நட்டைத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆக்சில் மரை போய்விடும். சுத்தியலும் உளியும் வைத்துத் தட்டுகிற பட்டறையில் கொடுக்காதீர்கள். புதியதைப் பூட்டும் முன் சக்கர நடுவிலுள்ள ஹப்பின் மரையில் கிரீஸ் தடவுங்கள். மிதிக்க மிதிக்க அது தானாக இறுகும், கிரீஸ் இல்லையென்றால் அடுத்த முறை அசையாது.

இரண்டு பல் கூடினால் பின் ஆக்சில் சுமார் 6 மில்லிமீட்டர் முன்னால் வரும். ஆக்சில் உட்காரும் ஃபிரேம் காடியில் அவ்வளவு இடம் இருந்தால் பழைய செயினே போதும். இல்லையென்றால் ஒரு முழு லிங்க் சேர்க்க வேண்டும். சக்கரம் நகர்ந்ததால் பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படுகிறதா என்று பாருங்கள், பலரும் இதைத்தான் மறக்கிறார்கள். செயினின் நடுவில் மேலும் கீழுமாக ஒரு சென்டிமீட்டர் ஆட்டம் இருக்கட்டும்; பெடலைச் சுற்றி, செயின் மிகவும் இறுகும் இடத்தில் அளக்க வேண்டும்.

கேள்வி: பழைய 28 இஞ்ச் வண்டியில் ஃப்ரீவீல் மட்டும் புதிதாக மாற்றினேன். அழுத்தி மிதித்தால் செயின் வழுக்குகிறது.
- வாசகர், தேவகோட்டை

பதில்: செயின் தேய்ந்து நீண்டிருக்கிறது. செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின் நடுவிலிருந்து, அடுத்த பின்னை ஒன்று என எண்ணி 24-வது பின் நடுவரை அளங்கள். சரியாக 12 இஞ்ச் இருக்க வேண்டும். எட்டில் ஒரு இஞ்ச் கூடியிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். முன்னால் உள்ள பெடல் பல்சக்கரத்தின் பல் சுறாப் பல்லாகச் சாய்ந்திருந்தால் அதையும் சேர்த்தே.