பார் லைசென்ஸுக்கு ஏஜென்ட் 4,000 பவுண்ட் கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் முன்பு துணிக்கடையாக இருந்த ஒரு சின்னக் கடையை லீஸுக்கு எடுத்து, நானும் தம்பியும் பார் தொடங்க நினைக்கிறோம். தெரிந்தவர் மூலம் வந்த ஏஜென்ட் ஒருவர், 4,000 பவுண்ட் கொடுத்தால் கவுன்சிலில் பேசி லைசென்ஸ் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். மது விற்பனைக்குப் பொறுப்பேற்க ஓர் ஆளுக்குத் தரும் பர்சனல் லைசென்ஸ் எங்கள் இருவரிடமும் இல்லை. முதல் வருஷம் அவருடைய பெயரையே பொறுப்பாளராகப் போட்டுக்கொள்ளலாமாம், அதற்கு மாதாமாதம் தனிக் கட்டணம். லீஸில் அடுத்த வாரமே கையெழுத்து போடச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். லீஸிலும் இப்போது கையெழுத்து போடாதீர்கள்.

முதலில் அந்தக் ‘கவுன்சிலில் பேசி’ என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் லைசென்சிங் சட்டம். நீங்கள் முறையாக விண்ணப்பித்து, 28 நாளுக்குள் போலீஸோ அக்கம்பக்கத்தாரோ மற்றத் துறைகளோ ஆட்சேபிக்கவில்லை என்றால், கவுன்சில் லைசென்ஸ் கொடுத்தே ஆக வேண்டும். மறுக்க அதற்கு அதிகாரமே இல்லை. ஆட்சேபம் வந்து சமரசம் ஆகவில்லை என்றால், கவுன்சிலர்கள் அடங்கிய துணைக்குழு விசாரணை நடத்தி முடிவு சொல்லும். முதல் நிலையில் பேச வேண்டிய ஆளே இல்லை, இரண்டாவது நிலையில் முடிவை யாரும் முன்கூட்டி விற்க முடியாது. அப்படியானால் எதற்கு 4,000 பவுண்ட்?

கட்டணம் கடையின் ரேட்டபிள் வேல்யூவை, அதாவது வரிக்காக அரசு மதிப்பிடும் ஆண்டு வாடகை மதிப்பை, பொறுத்தது. அது 4,301 முதல் 33,000 வரை என்றால் விண்ணப்பத்துக்கு 190 பவுண்ட். 87,000 வரை 315 பவுண்ட். சின்னக் கடை இதற்கு மேல் போகாது. அப்புறம் வருடாந்தரக் கட்டணம் உண்டு. இந்தத் தொகைகள் 2005இல் வைத்தவை, இன்னும் மாறவில்லை.

இதோடு, விண்ணப்பித்த பத்து வேலை நாளுக்குள் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுக்க வேண்டும். பல இடங்களில் இது விண்ணப்பக் கட்டணத்தையே தாண்டிவிடும். யாரும் புரட்டாத பக்கத்தில் வரும் ஒரு கட்டத்துக்காகச் சின்ன வியாபாரியிடம் இவ்வளவு பணம் கறக்கும் விதியை இன்னும் வைத்திருப்பது அநியாயம். ஆனால் விதி இருக்கும்வரை செய்துவிடுங்கள். கடை வாசலில் வெளிர் நீலத் தாளில், ஏ4 அளவுக்குக் குறையாமல், வெளியே நிற்பவர் படிக்கும்படி அறிவிப்பை 28 நாளும் ஒட்டியிருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் ஒட்டினாலோ நடுவில் கிழிந்து போனாலோ மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணச் சொல்லலாம். தினமும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இந்த மாதிரி ஏஜென்ட்கள் உண்மையில் கெடுதல் செய்யும் இடம் ‘ஆபரேட்டிங் ஷெட்யூல்’ என்ற பகுதி. பார் எப்படி நடக்கும் என்று அதில் நீங்கள் எழுதுவது லைசென்ஸில் நிபந்தனையாக ஏறும். இவர்கள் வேறு ஏதோ ஒரு பெரிய கிளப்பின் விண்ணப்பத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டுவார்கள். ‘தினமும் இரவு 8 மணி முதல் வாசலில் இரண்டு பாதுகாவலர்கள்’ என்று ஒரு வரி அதில் இருந்தால், செவ்வாய்க்கிழமை நாலு பேர் உட்கார்ந்திருக்கும் உங்கள் பாரிலும் இருவரைச் சம்பளம் கொடுத்து நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் குற்றம்: உச்சவரம்பு இல்லாத அபராதம், ஆறு மாதம் வரை சிறை. நகலெடுத்தவர் அன்று தொலைபேசியை எடுக்க மாட்டார். ஒவ்வொரு வரியையும் ‘இதை தினமும் செய்வேனா?’ என்று கேட்டுப் பார்த்துவிட்டு, நீங்களே எழுதுங்கள்.

அடுத்தது, அவர் பெயரைப் பொறுப்பாளராகப் போடுவது. இதை நினைத்துத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். மது விற்க, பர்சனல் லைசென்ஸ் உள்ள ஒருவர் ‘டிபிஎஸ்’ ஆக, அதாவது அந்தக் கடையின் மது விற்பனைப் பொறுப்பாளராக, பெயரிடப்பட்டிருக்க வேண்டும். அவர் விலகினால் அந்த நிமிடமே விற்பனை நிற்க வேண்டும். மாதக் கட்டணத்தை அவர் இரட்டிப்பாக்கினால் உங்களால் என்ன செய்ய முடியும்? கடைப்பக்கமே வராத டிபிஎஸ்ஸைப் போலீஸும் விரும்பாது. நீங்களோ தம்பியோ அந்த லைசென்ஸை எடுப்பது கடினமில்லை. ஒரு நாள் வகுப்பு, 40 கேள்விகளில் 28 சரியாக இருந்தால் தேர்ச்சி, குற்றப் பதிவுச் சான்று, 37 பவுண்ட் கட்டணம். இங்கே வேலை செய்யும் உரிமை இருக்க வேண்டும். இந்த விண்ணப்பம் பார் இருக்கும் கவுன்சிலுக்கு அல்ல, நீங்கள் குடியிருக்கும் கவுன்சிலுக்குப் போகும்.

சரி, லீஸில் கையெழுத்து ஏன் கூடாது? மது லைசென்ஸ் வேறு, கட்டடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று கவுன்சில் தரும் பிளானிங் அனுமதி வேறு. ஒரே கட்டடத்தில் இருக்கும் இரண்டு துறைகள், ஒன்றிடம் அனுமதி வாங்கிய பிறகுதான் இன்னொன்று தேவை என்று உங்களுக்குச் சொல்கின்றன. லட்சக்கணக்கில் முதல் போட்ட பிறகு இதைத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. துணிக்கடையை பாராக மாற்ற பிளானிங் அனுமதி வேண்டும். அது மறுக்கப்பட்டால் மது லைசென்ஸை வைத்துக்கொண்டு சும்மா வாடகை கட்ட வேண்டியதுதான்.

இதில் ஒரு விலக்கு உண்டு, கவனமாகப் படியுங்கள். 2020 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில் கடையும் உணவகமும் ‘கிளாஸ் ஈ’ என்ற ஒரே வகுப்பில் இருக்கின்றன. பார் அதில் இல்லை. எனவே நீங்கள் நடத்தப்போவது உண்மையிலேயே உணவகம், மது சாப்பாட்டோடு வருவது என்றால், பொதுவாக மாற்று அனுமதி தேவையில்லை. ஆனால் பலகையில் ‘உணவகம்’ என்று எழுதினால் போதாது. சமையலறை 9 மணிக்கு மூடி, மேசைகள் ஒதுங்கி, நின்றபடி குடிப்பவர்கள் நள்ளிரவு வரை இருந்தால் அதிகாரி அதை பார் என்றுதான் பார்ப்பார். உணவகமானாலும் மது லைசென்ஸ் கட்டாயம். சமையல் புகைக்குழாய் போட வெளிச்சுவரைத் தொட்டால் அதற்குத் தனி அனுமதி தேவைப்படலாம். பழைய பிளானிங் நிபந்தனை ஏதாவது அந்தக் கடையைக் கட்டிப்போட்டிருக்கலாம். வீட்டுக்காரரின் லீஸிலேயே மது கூடாது என்று இருக்கலாம். இந்த மூன்றையும் லீஸ் பார்க்கும் சொலிசிட்டரிடம் எழுத்தில் கேளுங்கள். பிளானிங்கும் லைசென்ஸும் கிடைத்தால்தான் லீஸ் செல்லும் என்று ஒரு ஷரத்து போடச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

விண்ணப்பிக்கும் முன் கவுன்சிலின் லைசென்சிங் பிரிவுக்கும் உள்ளூர்ப் போலீஸ் லைசென்சிங் அதிகாரிக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்தத் தெரு ‘குமுலேட்டிவ் இம்பாக்ட்’ பகுதியில், அதாவது ஏற்கெனவே மது விற்கும் கடைகள் அதிகம் என்று கவுன்சில் புது லைசென்ஸுக்குக் கெடுபிடி காட்டும் பகுதியில், வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் நல்ல லைசென்சிங் சொலிசிட்டருக்குச் செலவழிப்பது நியாயம். வராவிட்டால், இரவு 11 மணிக்கு மூடும் சின்ன பாருக்குப் போலீஸ் என்ன நிபந்தனை எதிர்பார்க்கும் என்று கேட்டு, முடிந்ததை ஒத்துக்கொண்டு எழுதுங்கள். அவர்கள் ஆட்சேபிக்காமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை, இதற்குக் காசும் இல்லை.