டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனால் மெக்கானிக் கடை வரை ஓட்டலாமா? கூலண்டுக்குப் பதில் தண்ணீர் போதுமா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் ஏற்கெனவே ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். இனிமேல் ஓட்டாதீர்கள். நான் மெக்கானிக் இல்லை, மன்னார்குடிப் பக்கம் விவசாயம். ஆனால் இதே கேள்விக்கு 38,000 ரூபாய் கொடுத்து விடை வாங்கியவன்.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய டீசல் கார். ரேடியேட்டர் கீழ் ஓஸில் லேசான கசிவு. கூலண்ட் என்கிற குளிர்விக்கும் திரவத்துக்குப் பதில் வாரம் ஒரு தடவை போர் தண்ணீர் ஊற்றிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். "நம்ம ஆயில் இன்ஜினுக்கு எந்தக் கூலண்ட தம்பி ஊத்துனோம்?" என்று அப்பா வேறு கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பம்புசெட்டில் இன்ஜினைக் குளிர்வித்த தண்ணீர் அப்படியே வாய்க்காலுக்குப் போய்விடும், பின்னாலேயே புதுத் தண்ணீர் வரும். காரில் அதே சில லிட்டர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. எங்கள் ஊர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அது ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். துருவும் பிடிக்கும். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி இருந்தால் துரு பிடிக்காது, ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தமும் சேர்ந்து 120 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். இன்ஜின் ஓடுவது சாதாரணமாக 90 டிகிரிப் பக்கம்.

தை மாதக் கடைசி. வேதாரண்யத்தில் தங்கை மகனுக்குக் காதுகுத்து, நான் தாய்மாமன். திருத்துறைப்பூண்டி தாண்டியதும் முள் ஏற ஆரம்பித்தது. சாலை முழுக்க வைக்கோல், காற்றில் பதர். அதில் ஒரு கைப்பிடி ரேடியேட்டர் முகப்பில் அப்பிக்கிடந்தது என்பது பிறகு தெரிந்தது. (நெல் காயவைப்பவர்களைத் திட்ட வராதீர்கள். ஊரில் களம் இல்லை, 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் கொள்முதலில் தகராறு. சாலையை விட்டால் எங்கே காயவைப்போம்?)

"ஏங்க, ஓரமா நிறுத்துங்களேன்" என்றாள் மனைவி. முகூர்த்தம் ஒன்பதரைக்கு. ஏசியை அணைத்துவிட்டு ஓட்டினேன். முள் சிவப்பைத் தொட்டது. அப்புறம் கொஞ்ச நேரத்தில் சர்ரென்று கீழே இறங்கிவிட்டது. "பாத்தியா, காத்து பட்டதும் எறங்கிடுச்சு" என்று பெருமையாகச் சொன்னேன். அடுத்த மூன்று கிலோமீட்டருக்குள் இழுவை செத்து, பானட்டிலிருந்து ஆவி கிளம்பி, வண்டி நின்றது.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "சார், முள் எறங்கல. தண்ணி எறங்கிருச்சு" என்றார்.

இதைச் சொல்லத்தான் இந்தப் பதிலே. சென்சார் அளப்பது தண்ணீரின் சூட்டை. தண்ணீர் வடிந்து சென்சார் வெறும் காற்றில் நின்றால் முள் இறங்கியும் காட்டும், உள்ளே இரும்பு வெந்துகொண்டிருக்கும். எனக்கு இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்து, அதற்கு அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் போய்விட்டது. ஆயில் குச்சியை இழுத்தால் டிகிரி காபி நிறம், ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தது. "முள் ஏறும்போதே நிறுத்தியிருக்க வேண்டியதுதானே" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: தாய்மாமனாக இருந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது, ஓரங்கட்டி இன்ஜினை அணைப்பது. நிறுத்த இடம் கிடைக்கும்வரை ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாக வையுங்கள், கொஞ்சம் சூட்டை இழுக்கும். அரை மணி நேரமாவது ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள், முகம் வெந்துவிடும். ஆறிய பிறகு, ஆபத்துக்குக் கேன் தண்ணீர் ஊற்றலாம், தப்பில்லை. சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இன்ஜினில் விரிசல் விடலாம். இப்போது பல சின்னக் கார்களில் முள்ளே கிடையாது, இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, அளவுக்கு மேல் சூடானால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சிவப்பு எரிந்தால் பேச்சே இல்லை, நிறுத்துங்கள்.

நான் ஒரு டாட்டா ஏஸில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு போன் செய்து கேட்டார்களா? இல்லை. எங்கள் சித்தப்பா மகன் மடியில் உட்காரவைத்துக் குத்தி முடித்துவிட்டார்கள். சீர்த்தட்டு மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். ஆல்பத்தில் இன்றைக்கும் அவன்தான் தாய்மாமன்.