6 வயதுக்கு பிரஷ்லெஸ் கார் வேண்டாம்

6 வயது மகளுக்கு பிரஷ்லெஸ் ரிமோட் கார் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்கவே வாங்காதீர்கள், பிரஷ்லெஸ் என்பது வேகம் அதிகமான மோட்டார். பிரஷ்டு எனப்படும் சாதாரண மோட்டார், வேகத்தைப் பாதியாக்கும் வசதி, தனித்தனியாகக் கிடைக்கும் உதிரிபாகம், இந்த மூன்றும் இருந்தால் போதும். டிராக்ஸஸ் நிறுவனத்தின் ஸ்டாம்பீடு காரில், எக்ஸ்எல்-5 என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உள்ள மாடலைப் பாருங்கள். அதில் 'டிரெய்னிங் மோடு' உண்டு. அதைப் போட்டுவிட்டால் ரிமோட்டின் விசையை முழுக்க அழுத்தினாலும் பாதி வேகம்தான். பிரேக் மட்டும் முழுசாக வேலை செய்யும்.

இப்போதுள்ள பொம்மைக் காரைச் சுவரிலேயே மோதுகிறாள் என்கிறீர்களே, அது பெரும்பாலும் கவனக்குறைவு இல்லை. கார் நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிவிடும். குழந்தை பதறிப்போய் விசையை இன்னும் அழுத்தும்.

வாங்குமுன் இரண்டு விஷயம் செய்து பாருங்கள்:

1. கடையில் ரிமோட்டை அவள் கையிலேயே கொடுங்கள். இடது கையில் பிடித்தபடி ஆள்காட்டி விரல் விசையை எட்டுகிறதா, வலது கையால் ரிமோட்டில் உள்ள ஸ்டீயரிங் சக்கரத்தைத் திருப்ப முடிகிறதா என்று கவனியுங்கள். விரல் எட்டாவிட்டால் எவ்வளவு நல்ல காரும் அவளுக்குப் பயன்படாது.

2. அந்த மாடலின் முன்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம் (சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் பாகம்) இருப்பில் உள்ளதா என்று கேளுங்கள். அடிக்கடி உடைவது அதுதான்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். முதலில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை பேட்டரியே போதும், லித்தியம் பாலிமர் வகையைப் பிறகு பார்க்கலாம். எதுவானாலும் சார்ஜ் போடுவது நீங்கள்தான், அதுவும் பக்கத்தில் இருந்தபடி.

அப்புறம், பாதி வேகத்திலும் இது கனமான வண்டி. கைக்குழந்தை தவழும் அறையில் ஓட்டவிடாதீர்கள்.