கேள்வி பதில்: மலர்வளையம் வைத்த பிறகு

கே: பெரிய விபத்து நடந்தால் அன்று மாலையே நிவாரணத் தொகை அறிவிக்கிறார்கள். அடுத்த வாரம் யாருக்கும் நினைவில்லை. இந்த மறதி நம் நாட்டுக்கே உரியதா?

ப: அந்தப் பெருமையை நமக்கு மட்டும் கொடுத்துவிட முடியாது. பிரிட்டனில், வேல்ஸ் பகுதியில் அபர்ஃபான் என்றொரு சுரங்க ஊர். ஊருக்கு மேலே மலையில் நிலக்கரிக் கழிவைக் குன்று குன்றாகக் கொட்டி வைத்திருந்தார்கள். 1966 அக்டோபர் 21 காலை, நீரில் ஊறிப்போயிருந்த ஒரு குன்று சரிந்து, அப்போதுதான் வகுப்பு தொடங்கியிருந்த பள்ளியின் மேல் இறங்கியது. 144 பேர் செத்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். குற்றம் தேசிய நிலக்கரி வாரியத்துடையது என்று விசாரணை மன்றம் ஒளிவுமறைவில்லாமல் எழுதியது. ஆனால் வாரியத்தில் ஒருவர் வேலைகூடப் போகவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மிச்சக் குன்றுகளையாவது அகற்றுங்கள் என்று பெற்றோர் மன்றாடினார்கள். அந்தச் செலவில் 1,50,000 பவுண்டை, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கென்று பொதுமக்கள் அனுப்பிய நன்கொடை நிதியிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள்! 1997இல்தான் அந்தப் பணம் திரும்பி வந்தது, அதுவும் வட்டியில்லாமல். 2007இல் வேல்ஸ் அரசு வெட்கப்பட்டு 20 லட்சம் பவுண்டு கொடுத்தது. அபர்ஃபானை யாரும் மறக்கவில்லை. ராணியே அங்கே பலமுறை போய் வந்தார். நாடு அழுதுகொண்டே கணக்கையும் பார்த்தது.

கே: மெழுகுவர்த்தி, இரண்டு நிமிட மௌனம் எல்லாம் வெறும் சடங்குதானே?

ப: சடங்கை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சடங்கில் என்ன செய்கிறோம் என்றுதான் கேட்பேன். ஜப்பானில் 1923 செப்டம்பர் 1 அன்று வந்த கான்டோ நிலநடுக்கத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் மடிந்தார்கள். 1960 முதல் அந்தத் தேதி பேரிடர்த் தடுப்பு நாள். பள்ளிப் பிள்ளைகளிலிருந்து பிரதமர் வரை அன்று ஒத்திகை பார்க்கிறார்கள். அஞ்சலி என்றால் எனக்கு அப்படி இருக்க வேண்டும்.

நம்மிடமும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். அந்த அடிக்குப் பிறகு அந்த மாநிலம் புயல் காப்பகங்களைக் கட்டியது, கிராமம் கிராமமாக ஆட்களைப் பழக்கியது. 2013இல் பைலின் புயல் வந்தபோது ஏறக்குறைய பத்து லட்சம் பேரை முன்கூட்டியே கரையிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். பலி சில பத்துகளோடு நின்றது. அக்டோபர் 29 இப்போது அங்கே பேரிடர் ஆயத்த நாள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒடிசாவுக்கு இது கொஞ்சம் எளிது, ஏனென்றால் புயல் மேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. போபாலைப் பாருங்கள். 1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைடு கம்பெனியின் ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்தது. 1989இல் அந்தக் கம்பெனியோடு 47 கோடி டாலருக்குச் சமரசம். 2010இல் கம்பெனியின் இந்திய அதிகாரிகளுக்கு இரண்டாண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது, அன்றே ஜாமீனும் கிடைத்தது. ஆலையில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு ஊரை விட்டுப் போனது 2025 ஜனவரியில்! உயிர் தப்பியவர்களின் பொருள்களும் குரல்களும் இருக்கும் அருங்காட்சியகம் ஒன்று 2014இல் அங்கே திறக்கப்பட்டது. அதை உண்டாக்கியவர்கள் பாதிக்கப்பட்ட மக்களும் அவர்களோடு நின்றவர்களும். அரசாங்கம் அல்ல. மனிதர்கள் செய்த பிழையால் சாவு வந்தால், நினைவு வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் சாட்சி ஆகிவிடுகிறார். எந்த அதிகாரி சாட்சிக்குச் சிலை வைப்பார்?

கே: நியூசிலாந்தில் கொலைகாரனின் பெயரையே சொல்ல மாட்டேன் என்றாராமே பிரதமர். அது சரியா?

ப: சரிதான். 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். ஜெசிந்தா ஆர்டர்ன் நாடாளுமன்றத்தில் அப்படிச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் ஒரு மாதத்துக்குள் துப்பாக்கிச் சட்டத்தையும் திருத்தினார். ஆஸ்திரேலியாவில் 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுடப்பட்டு இறந்தபோது, பன்னிரண்டே நாளில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு எல்லா மாநிலங்களும் ஒப்புக்கொண்டு, பிறகு ஆறு லட்சத்துக்கு மேல் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தார்கள்.

ஆனால் இதை எல்லாத் துயரத்துக்கும் விதியாக்கிவிடாதீர்கள். தனியாளாகச் சுட வருகிறவனுக்குப் பெயர்தான் தீனி. வாரியங்களும் கம்பெனிகளும் விரும்புவது நேர்மாறாக, பெயர் வெளியே வராமல் இருப்பதை. அபர்ஃபானிலும் போபாலிலும் பெயரைச் சொல்லாதே என்று யாராவது உபதேசித்தால் அவர் யாருடைய ஆள் என்று விசாரியுங்கள்.

கே: நினைவுச் சின்னங்களால் உயிர் தப்பியவர் உண்டா?

ப: உண்டு. ஜப்பானில் அனேயோஷி என்ற சிற்றூரில், 1933 சுனாமிக்குப் பிறகு ஒரு கல் நட்டார்கள். இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று அதில் எழுதியிருக்கிறது. கேட்டார்கள். 2011 அலை கல்லுக்குக் கீழேயே நின்றது.

கே: இதில் சாதாரண ஆளான நான் என்ன செய்ய முடியும்?

ப: 1997இல் டெல்லி உபகார் திரையரங்கில் 59 பேர் இறந்ததற்கு, கூடுதல் இருக்கை போட்டு வழியை அடைத்ததும் ஒரு காரணம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 பிள்ளைகள் கருகினார்கள்: கூரையோ கீற்று, இறங்கும் படிக்கட்டோ குறுகல். நீங்கள் போய்வரும் பள்ளி, மண்டபம், மருத்துவமனை எதிலாவது அவசர வழிக் கதவு பூட்டிக் கிடந்தால், பொறுப்பாளருக்கு எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் ‘பார்க்கிறோம்’ என்பார்கள். பதினைந்து நாளில் திறக்காவிட்டால் தீயணைப்புத் துறைக்கு ஒரு நகல், எனக்கு ஒரு நகல்.